கப்பல் பெயர் தெரியும், கப்பல்காரர் பெயர் தெரியுமா?



உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு காலத்தில் நீங்கள் இப்படிக் கேட்டிருப்பீர்கள்: "தாத்தா, நீங்கள் மலாயாவுக்கு எதில் வந்தீர்கள்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: "ரஜூலாவில் வந்தேன்."

பிறந்த தேதி நினைவில்லாத பாட்டிக்குக்கூட அந்தப் பெயர் நினைவில் இருந்தது. ஊர்ப்பெயரைப் பாதி மறந்தவர்களும் கப்பல் பெயரை மறக்கவில்லை. பால்மரக் காட்டில் விடியற்காலைப் பிரட்டுக்களம் முடிந்து வேலைக்கு நடக்கும்போதும், சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போதும் அந்தக் கப்பல் பேச்சு வந்துவிடும்.

சரி, அந்தக் கப்பலை ஓட்டி வந்தவர்கள் யார்? சுக்கான் பிடித்தவர் யார்? கொதிகலன் அனலில் வெந்தவர் யார்? ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வடித்தவர் யார்? அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

தலைவர்களுக்கும் தளபதிகளுக்கும் நினைவு நாள் உண்டு, மலர் உண்டு, சிலை உண்டு. சமாதான காலத்தில் சரக்கும் சனமும் ஏற்றிய கப்பலில் உழைத்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. போர் மூண்டதும் அதே கப்பலோடு அவர்கள் குண்டுக்கும் தீக்கும் நடுவே போனார்கள். பலர் கரை திரும்பவில்லை. திரும்பியவர்கள் சத்தமில்லாமல் வாழ்ந்து சத்தமில்லாமல் மறைந்தார்கள். அவர்களை எப்படி நினைத்துக்கொள்வது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

குவீன்ஸ்டவுன் என்னும் பழைய பேட்டை

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் முதலில் தேக்காவுக்குத்தான் போவார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டு, சிராங்கூன் சாலையில் சாப்பிட்டு, நகைக்கடையும் துணிக்கடையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது குவீன்ஸ்டவுன் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.

1953-ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டு விழா நடந்தது. அந்த ராணியின் நினைவாகப் பெயர் வைத்துக் கட்டிய பேட்டை இது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளோடு திட்டமிட்டு எழுப்பிய முதல் துணைநகரம் இதுதான். மார்கரெட் டிரைவ், காமன்வெல்த் அவென்யூ, தங்ளின் ஹால்ட் என்று தெருப்பெயர்களிலும் ஆங்கிலேயர் காலம் தெரியும்.

இங்கே காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. நம் தோட்டங்களில் மரத்தடியில் சூலம் நட்டு முனியாண்டியை வைத்துக் கும்பிட்டார்களே, அதே போலத்தான் இதுவும் தொடங்கியது. 1932-இல் ரயில் பாதையோரம் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் சிறிய அளவில் வைத்து வணங்கினார்கள். பிறகுதான் அது இன்றைய இடத்துக்கு வந்து பெரிய கோயிலாக எழுந்தது. அவர்கள் காவல் காத்த அந்தத் தண்டவாளத்தில் 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயில் ஓடியது. இப்போது அந்தப் பாதையில் மக்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள். ரயில் போய்விட்டது, முனீஸ்வரர் இருக்கிறார்!

கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் அலெக்சாண்டிரா மருத்துவமனை இருக்கிறது. இது ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்தது. 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைவதற்கு முதல் நாள், ஜப்பானியப் படையினர் இதற்குள் புகுந்தார்கள். படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் வைத்தியம் பார்த்தவர்களையும் குத்திக் கொன்றார்கள். அன்றும் மறுநாளும் மாண்டவர்கள் ஏறத்தாழ 200 பேர்.

மூன்றாம் நாள், பிப்ரவரி 17-ஆம் தேதி, தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நாம் இன்று பண்டிகைக்குச் சாமான் வாங்கப் போகும் தெருக்களுக்குப் பக்கத்தில் நடந்த சங்கதி இது.

ரயில் தொழிலாளி, சிப்பாய், ஆஸ்பத்திரி ஊழியர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று யாருடைய கதையை எடுத்தாலும் அதன் முதல் பக்கத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அந்தக் கப்பலுக்குள் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

அக்காள் தங்கை இருவர்

ரஜூலாவுக்கு ஒரு சகோதரி இருந்தாள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவள் பெயர் ரோனா. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி 1926-இல் இரண்டு கப்பல்களையும் ஒரே வேலைக்காகக் கட்டியது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு தொட்டு, சிங்கப்பூர் வரை போய்வருவதுதான் அந்த வேலை. இரண்டும் எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை.

நாகையில் கப்பல் கரையோரம் வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி அலையில் ஆடியபடி போய், ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். சிறுபிள்ளைகளை மூட்டை போல் கைமாற்றி ஏற்றுவார்கள். காசுள்ளவர்களுக்குத்தான் அறை. நம்மவர்களுக்குத் தளம்தான். ரஜூலா கட்டப்பட்ட காலத்தில் 5,000 பேருக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. ஒரு பெரிய தோட்டத்துச் சனம் முழுவதையும் சேர்த்தால்கூட அத்தனை பேர் வரமாட்டார்கள்!

பாயும் தலையணையும் தகரப்பெட்டியுமாக இடம் பிடித்து, ஒரு வாரத்துக்கு அதுவே வீடு. பக்கத்துப் பாய்க்காரர்தான் உறவு. வங்காள விரிகுடா கொந்தளித்தால் முனீஸ்வரரையும் மாரியாத்தாளையும் கூப்பிடுவார்கள். சாதி மதம் பாராமல் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இன்றும் நிற்கும் நாகூர் தர்கா 1830-ஐ ஒட்டிக் கட்டியது. கரையேறியவர்கள் உயிரோடு வந்ததற்கு நன்றி சொன்ன இடம் அது.

கரைக்கு வந்தும் விடுதலை கிடையாது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று நோய்த்தடுப்பு முகாம்களில் வைத்துப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். கங்காணி ஆள்கட்டும் முறையில் இப்படி ஆயிரமாயிரமாய் வந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அதே கப்பல்களில் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

வந்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஏற்றி வந்தவர்களைப் பற்றித்தான் எழுத்து குறைவு.

தண்டல் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

தோட்டத்தில் வேலை வாங்குகிறவரைத் தண்டல் என்கிறோம். கலியாண வீட்டில் பெரிய அண்டாவில் சமைப்பவரைப் பண்டாரி என்கிறோம். இந்த இரண்டு சொற்களும் கப்பலிலும் உண்டு. கப்பலில் மேல்தள ஆட்களுக்குத் தலைவர் சாரங். அவருக்கு அடுத்தவர் தண்டல். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. ஆட்களுக்குச் சமைப்பவர் பண்டாரி. எந்திர அறைக்குத் தனியாக ஒரு சாரங்கும் தண்டலும் உண்டு. தோட்டத்தின் ஒழுங்குமுறையும் கப்பலின் ஒழுங்குமுறையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், பாருங்கள்! மேலே வெள்ளைக்காரத் துரை, நடுவில் நம் பாஷை பேசி வேலை வாங்கும் ஒருவர், கீழே உழைக்கும் கூட்டம்.

இந்தக் கடலோடிகளை ஆங்கிலேயர் லஸ்கர் என்று அழைத்தார்கள். எல்லாரும் தமிழர் அல்லர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பக்கத்து வங்காளிகள் மிகுதி. கொங்கணக் கரையிலிருந்தும் கோவாவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தமிழகக் கரையில் தூத்துக்குடித் தோணிக்காரர்களும், நாகூர், காயல்பட்டினத்து மரக்காயர்களும் நீராவிக் கப்பல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கடலை அறிந்தவர்கள். பெரும்பாலோர் நிலம் இல்லாத, அல்லது நிலம் போதாத குடும்பத்துப் பிள்ளைகள். நம் தாத்தா எந்தப் பசிக்காகக் கப்பல் ஏறினாரோ, அதே பசிக்காகத்தான் அவரும் ஏறினார். ஒருவர் இறங்கிவிட்டார், மற்றவர் இறங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பளத்தைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கும். இந்தியக் கடலோடிகளுக்கென்று தனி ஒப்பந்தம் இருந்தது. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே வேலை. ஆனால் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் நாலில் ஒரு பங்குதான் இவருக்கு, சில சமயம் அதற்கும் குறைவு. படுக்க இடமும் குறைவு, சாப்பாடும் வேறு.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. கடலுக்கடியில் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அப்போது இந்தியக் கடலோடிகள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். "சாவு எல்லாருக்கும் ஒன்றாய் இருக்கும்போது சம்பளம் மட்டும் ஏன் வேறு?" என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஆனாலும் சம்பளத்தை உயர்த்தாமல் கம்பெனிகளால் தப்ப முடியவில்லை. பேச்சில் நியாயம் இருந்தது. அதைவிட, அவர்கள் இல்லாமல் கப்பல் நகராது என்ற உண்மை இருந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர், சுமார் 50,000 பேர்.

தோட்டச் சங்கத்தில் சம்பளத்துக்காகப் போராடிய பெற்றோரின் பிள்ளைகளே, இந்தச் செய்தியை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரையில் நாம் கேட்ட நியாயத்தைக் கடலில் அவர்களும் கேட்டார்கள்.

ரோனா போன கதை

போர் வந்ததும் சகோதரிகள் இருவரையும் துருப்புக் கப்பல்களாக எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் பாய் விரித்த தளத்தில் துப்பாக்கிக்காரர்கள் படுத்தார்கள். ஓட்டியவர்கள் பழைய ஆட்கள்தான். சாரங்கும் தண்டலும் பண்டாரியும் சீருடை போடாத போர்வீரர்கள் ஆனார்கள்.

1943 நவம்பர் மாதம். ரோனா வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் ஒரான் துறைமுகத்தில் சுமார் 2,000 அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு, கப்பல் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து கிழக்கே புறப்பட்டது. அந்த வீரர்கள் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் நம் இந்தியா. ஆனால் அவர்கள் சூயஸ் கால்வாயைக்கூடக் காணவில்லை.

26-ஆம் தேதி மாலை ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று புதுவிதமான குண்டைப் போட்டது. அது கல்லைப் போல் நேரே விழவில்லை. விமானத்தில் இருந்தவன் ரேடியோ மூலம் திருப்பித் திருப்பிக் குறி பார்த்து ஓட்டிய சிறகு வைத்த குண்டு அது. ரோனாவின் பக்கவாட்டில் பாய்ந்து உள்ளே வெடித்தது. தீ பரவியது. உயிர்ப்படகுகளில் பல இறக்க முடியாமல் போயின. சூரியன் சாயும் நேரம், குளிர்ந்த நீர், கொந்தளிக்கும் அலை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. உதவிக்கு வந்த கப்பல்கள் இருட்டில் தேடித் தேடி ஆட்களைத் தூக்கின. பயனியர் என்ற அமெரிக்கக் கப்பல் மட்டும் 600 பேருக்கு மேல் காப்பாற்றியது.

இறந்தவர்கள் 1,100 பேருக்கு மேல். அவர்களில் அமெரிக்கப் படைவீரர்கள் 1,015 பேர். அமெரிக்கா கடலில் ஒரே அடியில் இத்தனை படைவீரர்களை இழந்தது அரிது. போர் ரகசியம் என்று இந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் மூடி வைத்தார்கள். மாண்டவர்களின் தாய்மார்கள் பலர், மகன் எப்படிப் போனான் என்று தெரியாமலே கண்ணை மூடினார்கள்.

கப்பல் ஊழியர்கள்? ரோனாவில் ஊழியர்கள் 200 பேருக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலும் இந்தியர். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தக் கடலிலேயே போனார்கள். தப்பிய அமெரிக்கர்கள் சிலர் பிற்காலத்தில் இந்த ஊழியர்களைக் குறை சொன்னதும் உண்டு. படகு இறக்கத் தெரியவில்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்த்தார்கள் என்றார்கள். கணக்கைப் பாருங்கள், வாசகர்களே. படைவீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். ஊழியர்களிலும் பாதிக்கு மேல் இறந்தார்கள். தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ள ஓடிய கூட்டத்தின் கணக்கா இது? இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் இருப்பவர்கள்தான்.

அமெரிக்கர்களுக்கு அவர்கள் நாட்டில் நினைவுக்கல் எழுந்தது. உயிர் தப்பியவர்களும் குடும்பத்தாரும் சங்கம் வைத்து, புத்தகம் எழுதி, அந்தப் பெயர்களைக் காப்பாற்றினார்கள். நம் நாகப்பட்டினத்துக் கடலில் ஓடிய கப்பல் அது என்பதும், அதில் ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இது ஒரு கப்பலின் கதை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய வணிகக் கடலோடிகள் மொத்தம் 6,000 பேருக்கு மேல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

கல்லில் பெயர், காகிதத்தில் பெயர்

மறுபடியும் சிங்கப்பூருக்கு வருவோம். போரில் இறந்தவர்களை அந்தத் தீவு எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

வடக்கே கிராஞ்சியில் போர்வீரர் மயானம் இருக்கிறது. அங்குள்ள நினைவுச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. சிங், கான், ராம் என்ற பெயர்களோடு நம் தமிழ்ப் பெயர்களும் உண்டு. அங்கேயே தகன நினைவிடம் ஒன்று தனியாக இருக்கிறது. தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு உரியது அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். எங்கோ ஒரு கிராமத்தில் பிறந்து, புதைக்க ஒரு குழியும் இல்லாமல் சாம்பலாய்ப் போனவருக்கும் ஒரு வரி இடம் கிடைத்திருக்கிறது.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கடற்கரைத் திடலில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி நினைவுச்சின்னம் கட்டினார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பால் வெட்டிய கையோடு அந்தப் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் எத்தனை பேர்! சின்னம் போனாலும் நினைவு போகவில்லை. 1995-இல் அதே இடத்தில் அடையாளப் பலகை ஒன்றை நிறுவினார்கள்.

கடலோடிக்கு? கடலில் இறந்தவனுக்குக் கடலே சமாதி. கித்தானில் சுற்றி, பாரம் கட்டி, இரண்டு வார்த்தை பிரார்த்தனை சொல்லி இறக்கிவிடுவார்கள். கப்பலோடு மூழ்கியவனுக்கு அதுவும் இல்லை.

ஆனால் ஒரு புத்தகம் இருக்கிறது. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்தியக் கடலோடிகள் இல்லம் உள்ளது. போரில் கடலில் மறைந்த இந்திய வணிகக் கடலோடிகள் ஏறத்தாழ 6,000 பேருடைய பெயர்களும், இந்தியக் கடற்படையைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே நினைவேட்டில் எழுதப்பட்டுள்ளன. அதே போன்ற ஏடு ஒன்று வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டாமல் காகிதத்தில் எழுதிய பெயர்கள். யாராவது திறந்து படித்தால்தான் அந்தப் பெயருக்கு உயிர்.

கிழக்கடலின் முதிய ரஜூலா

தங்கை போன பிறகும் ரஜூலா பிழைத்திருந்தாள். போர் முடிந்ததும் பழைய பாதைக்கே திரும்பினாள். மறுபடியும் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர். ஊருக்குப் போய்ப் பெண் கட்டி வந்தவர்களும், பெற்றோரைக் காணப் போனவர்களும் அவளில்தான் போனார்கள். 1953-இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் கதவைச் சாத்தியது. அதன்பின் புதிதாய் வருகிறவர்கள் குறைந்தார்கள்.

பின்னர் கசப்பான ஒரு காலம் வந்தது. மலேசியாவில் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் மூட்டை கட்டின. சிங்கப்பூரில் ஆங்கிலேயப் படைகள் 1971-இல் வெளியேறியபோது, தளங்களில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். குவீன்ஸ்டவுனின் ராணுவ ஆஸ்பத்திரியும் அந்த ஆண்டுதான் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இருபது முப்பது ஆண்டு உழைத்தவர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடும் ஒரு தகரப்பெட்டியோடும் கப்பல் ஏறினார்கள். வாலிபத்தில் ஏற்றி வந்தவளே வயோதிகத்தில் திருப்பிக் கொண்டுபோய் விட்டாள்.

1973-இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்காட் என்று பெயர் மாற்றம் பெற்றாள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, கொஞ்ச காலத்திலேயே உடைத்துவிட்டார்கள். அவள் விட்ட பாதையில் சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்ட துயரத்தோடு, நாகையும் பினாங்கும் கப்பலால் உறவாடிய காலம் முடிந்தது.

கடலோடிகளின் தொழில் மட்டும் முடியவில்லை. சிங்கப்பூர் 1968-இல் நெப்டியூன் ஓரியண்ட் லைன்ஸ் என்ற சொந்தக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களும் கடலுக்குப் போனார்கள். வணிகக் கடலோடி வருடத்தில் சில வாரங்கள்தான் வீட்டில் இருப்பார். பிள்ளை பிறந்த செய்தியைத் தந்தியில் படிப்பார். தாயின் ஈமச்சடங்குக்கு வந்து சேரமாட்டார். அவர் வீட்டுக்காரிதான் அப்பாவாகவும் அம்மாவாகவும் இருந்து குடும்பத்தை நடத்துவாள். கடைசியில் ஒரு நாள் கடலை விட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் உட்காரும்போது, அவர் சொல்லும் ஊர்ப்பெயர்களைக் கேட்கப் பேரப்பிள்ளைகளுக்கு நேரம் இருப்பதில்லை.

இருப்பவர் செய்ய வேண்டியது

நம் வழக்கத்தில் இறந்தவர்களை மறப்பது பாவம். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். சிங்கப்பூரில் மண்டாயில் எரியூட்டி, சாங்கிக் கடலில் அஸ்தி கரைக்கிறார்கள். கடல் நமக்குப் பிதிரர்களின் வீடு. ஆனால் திதி கொடுக்கப் பெயர் தெரிய வேண்டாமா? மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லச் சொல்கிறாரே ஐயர், சொல்ல முடிகிறதா?

ஆகவே, இந்தச் சில காரியங்களைச் செய்யுங்கள். செலவு அதிகம் இல்லை.

முதலாவது, பழைய பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கப்பல் வேலை செய்தவரிடம் வேலைப் பதிவுப் புத்தகம் ஒன்று இருந்திருக்கும். எந்தக் கப்பலில், எந்தத் தேதியில் ஏறினார், இறங்கினார், எப்படி நடந்துகொண்டார் என்று அதில் எழுதி முத்திரை போட்டிருப்பார்கள். ஒரு ஏழையின் வாழ்க்கைச் சரித்திரத்தை அரசாங்கமே எழுதிக் கொடுத்தது போல அது. கரையான் தின்னும் முன் எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட், சிவப்பு கார்டு எல்லாவற்றுக்கும் இதே மரியாதை கொடுங்கள்.

இரண்டாவது, நட்சத்திர வடிவத்தில் பித்தளை நிறப் பதக்கம் கிடந்தால், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஆபத்தான கடல்களில் ஓடிய வணிகக் கடலோடிகளுக்கும் அத்தகைய பதக்கங்கள் உண்டு.

மூன்றாவது, போரில் இறந்ததாகச் சொல்லப்படும் உறவினர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். கிராஞ்சிச் சுவரில் உள்ளவர்களும், மும்பை, சிட்டகாங் ஏடுகளில் உள்ளவர்களும் அந்தப் பதிவுகளில் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகளுக்கு இது அரைமணி நேர வேலை. எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிவிடுவார்கள்!

நான்காவது, உயிரோடு இருக்கும் பெரியவர்களைப் பேசவிடுங்கள். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். தமிழில் பேசியவர்களின் குரல்களும் அதில் இருக்கின்றன. அந்த வேலைக்கு அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கைப்பேசி இல்லாத வீடு இப்போது ஏது? தாத்தாவின் முன் அதை வைத்து, "நீங்கள் கப்பலில் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கூட வந்தது, என்ன சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரிய கேள்வி கேட்டால் பெரியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். சோறு பற்றிக் கேட்டால் சரித்திரமே வந்துவிடும்.

ஐந்தாவது, துக்க வீட்டில் கூடியிருக்கும்போது வெறுமனே அழுதுவிட்டுப் போகாமல், இறந்தவரின் தொழிலை நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். "நல்ல மனுஷன்" என்று எல்லாரையும்தான் சொல்கிறோம். "பதினெட்டு வயதில் கப்பல் ஏறினார், இத்தனை கப்பலில் வேலை செய்தார், இந்தச் சண்டையில் இந்தக் கடலில் இருந்தார்" என்று சொன்னால் அந்த மனிதர் முழுசாய் எழுந்து நிற்பார். கருமாதிப் பத்திரிகையில் படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தால் போதும். பிற்காலத்தில் அந்த இரண்டு வரிதான் கிடைக்கும்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. குவீன்ஸ்டவுனிலும் பழைய அடுக்குமாடிகள் இடிந்து புதியவை எழுகின்றன. கட்டடத்தைக் காப்பாற்ற நம் கையில் அதிகாரம் இல்லை. ஒரு பெயரைக் காப்பாற்ற அதிகாரம் எதுவும் தேவையில்லை. ஒரு பேனாவும், கேட்பதற்குக் காதும் போதும்.

ரஜூலாவின் பெயரை நம் தாத்தாக்கள் தொண்ணூறு வயது வரை மறக்கவில்லை. அவளை ஓட்டியவர்களும், ரோனாவோடு மூழ்கியவர்களும், அவர்களைப் போல் கடலில் உழைத்து ஓய்ந்தவர்களும் அந்த அளவு நினைவுக்குத் தகுதி இல்லாதவர்களா? வருகிற ஆடி அமாவாசையில் உங்கள் முன்னோர்களுக்காகக் கடலில் கை நனைக்கும்போது, அவர்களைக் கரை சேர்த்தவர்களுக்காகவும் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுங்கள். அன்று இரவே வீட்டுக்கு வந்து, உங்களுக்குத் தெரிந்த பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.